முதல் முறையாக ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்கப் போகிறேன், கையில் பெரிய பணம் இல்லை. கிராமத்தில் பிரச்சாரத்தை எங்கிருந்து தொடங்குவது?

நான் 2019 டிசம்பரில் நின்றேன். புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பக்கம், சுமார் 1,900 ஓட்டு உள்ள ஊராட்சி, தலைவர் பதவி அந்த முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 37 ஓட்டில் தோற்றேன். தோற்றவளிடம் என்ன யோசனை கேட்பது என்று சிலருக்குத் தோன்றலாம். ஜெயித்தவருக்கு ஓட்டு எங்கே கைநழுவிப் போனது என்று தேட வேண்டிய அவசியம் வந்திருக்காது, எனக்கு வந்தது, ஆறு மாதம் தூக்கம் இல்லாமல் அதைத்தான் தேடினேன்.

நீங்கள் பணம் இல்லை என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், எதிரே பழைய தலைவர் குடும்பம் ஒன்று நிற்கிறது, உங்கள் வீட்டிலேயே பாதிப் பேருக்கு இதில் இஷ்டமில்லை என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது தலைவர் பதவிக்கு டெபாசிட் 600 ரூபாய், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு 300. செலவு உச்சவரம்பு 34,000. தோட்டை அடகு வைத்து 27,000 செலவு செய்தேன்: நோட்டீஸ், மைக் கட்டின ஆட்டோ, கூட வந்த பெண்களுக்கு டீ, சாப்பாடு. எதிர்ப்பக்கம் என்ன செலவானது என்று ஊருக்கே தெரியும், நான் இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் பணம் வாங்கினவர்கள் எல்லாரும் பணம் கொடுத்தவருக்கே போட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படி இருந்தால் நான் 37-இல் தோற்றிருக்க மாட்டேன், 500-இல் தோற்றிருப்பேன்.

மனுவோடு வீட்டு வரி, தண்ணீர் வரி பாக்கி இல்லை என்று காட்ட வேண்டும், அதை இப்போதே கட்டி ரசீதை எடுத்து வையுங்கள். அடுத்து வாக்காளர் பட்டியல். பட்டியலில் பெயர் மட்டும்தான் இருக்கும், யார் யாருக்கு யார் என்று இருக்காது. நான் எங்கள் வீட்டு மொய் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டியலைப் படித்தேன். எங்கள் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும் ஊர்கள், முப்பது வருஷக் கணக்கு நோட்டில் இருக்கும். எந்த வீட்டுப் பையன் திருப்பூரில், எந்த வீட்டு ஆள் சிங்கப்பூரில், யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை, எல்லாம் அதிலிருந்து கணக்குப் போடலாம். திருப்பூரில் இருந்த நாற்பது பேருக்கு நானே போன் போட்டேன், அதில் இருபத்தெட்டுப் பேர் ஓட்டுக்கு வந்தார்கள்.

டிசம்பர் 19-ஆம் தேதி வாபஸ் முடிந்து சின்னம் கொடுத்தார்கள், எனக்குப் பூட்டு சாவி. ஊராட்சித் தலைவருக்குக் கட்சிச் சின்னம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிராமத்தில் இது பெரிய விஷயம், ஏனென்றால் நாற்பது வருஷமாக ஒரே சின்னத்தைப் பார்த்துக் குத்திப் பழகின கை, புதுச் சின்னத்தைத் தேட வேண்டும். ஓட்டு 30-ஆம் தேதி, இரண்டாம் கட்டம். கையில் இருந்தது ஒன்பது நாள்.

முதல் நாள் நான் காலனிக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் அங்கே கடைசியாக, அதுவும் ஒரு மணி நேரம் போய்க் கும்பிட்டுவிட்டு வருவதுதான் வழக்கம். நான் காலையில் போய் மதியம் வரை இருந்தேன், ஒரு வீட்டில் கஞ்சி குடித்தேன். சாயங்காலமே என் பெரியப்பா வாசலில் நின்று, "முதல் வீடு நம்ம வீடா இருக்க வேண்டாமா" என்று கேட்டார். அதற்கு அப்புறம் அவர் என்னோடு ஒரு தெருவுக்கும் வரவில்லை. என் சொந்தக்காரர்கள் ஓட்டு பதினைந்து இருபது இதில் போயிருக்கும். இதைப் படித்துவிட்டு ஓட்டுக்காகத்தான் போனாய் என்று யாராவது சொல்லலாம். ஆமாம், ஓட்டுக் கேட்கத்தான் போனேன், எல்லாத் தெருவுக்கும் அதற்குத்தான் போனேன். அங்கே ஒரு அக்கா என்னைக் கேட்ட கேள்வி மற்ற எட்டு வார்டிலும் யாரும் கேட்காதது: "டேங்க் மோட்டார் ரூம் சாவி யார் கையில இருக்கும்னு சொல்லு, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்." எங்கள் ஊரில் அந்தச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் தெருவுக்கு முதலில் தண்ணீர் போகும், காலனிக்குப் போகும்போது கரண்ட் போய்விடும். ஒவ்வொரு தெருவுக்கும் எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று எழுதி மோட்டார் ரூம் கதவில் ஒட்டுவேன் என்று அன்றைக்குச் சொன்னேன். என் நோட்டீஸில் இருந்த ஒரே வாக்குறுதி அதுதான். நீங்களும் இப்படி ஒன்றைப் பிடியுங்கள், நிறைய எழுதாதீர்கள்.

மற்ற வீடுகளில் என்னிடம் முதலில் கேட்டது "உன் வீட்டுக்காரர் வரலையா?" என்பதுதான். மகளிர் குழுவில் பதினோரு வருஷம் கணக்கு எழுதியிருக்கிறேன், அந்த வீட்டுப் பெண்களின் கடன் எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது, ஆனாலும் அதே கேள்வி. எதிரே நின்ற அம்மாவின் பெயரே பாதி ஊருக்குத் தெரியாது, நோட்டீஸில் கணவர் படம்தான் பெரிது. அவரைக் குற்றம் சொல்லவில்லை, நல்ல மனுஷி, என்னைப் பார்த்தால் இன்றைக்கும் பேசுவார். பாதிச் சீட்டைப் பெண்களுக்கு என்று சட்டம் போட்டும் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்வதை ஊரே சாதாரணமாக எடுத்துக்கொள்கிறதே என்றுதான் சொல்கிறேன்.

வீட்டுக்கு வீடு போகும்போது ஓட்டுப் பேச்சு ஐந்து நிமிஷம்தான், மீதி எல்லாம் கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்தது, நாங்கள் ஓட்டுக் கேட்கப் போனபோது ஒரு வருஷம் முடிந்திருந்தது, விழுந்த தென்னை பல கொல்லைகளில் அப்படியே கிடந்தது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும், ஆனாலும் சொல்கிறேன். எங்களுக்கு 64 மரம் போனது. மரத்துக்கு அறுநூறு, அப்புறம் வெட்டி அகற்ற ஐந்நூறு, ஆக மொத்தம் 1,100 என்று அறிவித்தார்கள். பட்டா எங்கள் மாமனாரின் அப்பா பெயரில் இருக்கிறது, அவர் இறந்து இருபது வருஷம் ஆகிறது. வாரிசுச் சான்று, பங்காளிகள் கையெழுத்து என்று நான்கு மாதம் அலைந்தோம். ஒரு அலுவலகத்தில் எடுத்துக்கொண்ட மனுவைக் காணவில்லை என்றார்கள், மறுபடி கொடுத்தபோது தேதி முடிந்துவிட்டது என்றார்கள். 64 மரத்துக்கு ஒரு ரூபாய் வரவில்லை. தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும், அதுவரை என்ன செய்வது என்று கேட்க ஊராட்சியில் தலைவரே கிடையாது அப்போது, 2016-இல் நடக்க வேண்டிய தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்தான் இருந்தார். நான் மனுப் போட்டதற்கு உண்மையான காரணம் அதுதான்.

சரி, இப்போது தோற்ற கதை. 26-ஆம் தேதி காலை சூரிய கிரகணம். எட்டு மணியிலிருந்து பதினொன்றரை வரை ஒரு கதவும் திறக்கவில்லை. முடிந்து எல்லாரும் குளித்துவிட்டு வந்ததும் ஒரு திண்ணையில் ஏழெட்டுப் பேர் கூடினார்கள். அங்கே ஒரு அப்பத்தா, எழுபத்தைந்து வயது இருக்கும், "ஏத்தா, நாலு சீட்டு தருவாங்களாமே, அதுல எது உன் சீட்டு?" என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு ரோஸ், ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். மெஷின் கிடையாது, முத்திரை குத்தி மடித்து ஒரே பெட்டியில் போட வேண்டும். ஆறு நாளாகப் பூட்டு சாவி பூட்டு சாவி என்று கத்திக்கொண்டு திரிந்தேனே தவிர, எந்தச் சீட்டு என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை.

மகன் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து நான்கு கட்டம் போட்டு, குழுவில் ரேகை வைக்கும் ஸ்டாம்ப் பேடை எடுத்து வந்து, ஒரு பேனா மூடியைக் கொடுத்துக் குத்தச் சொன்னேன். அப்பத்தா சரியாகத்தான் குத்தினார். குத்தினதும் தாளை மேலிருந்து கீழாக மடித்தார். பிரித்துப் பார்த்தால் மை கீழே இருந்த கட்டத்திலும் ஒட்டியிருந்தது. முதலில் நெடுக்காக மடிக்க வேண்டும், அப்போதுதான் மை வெறும் இடத்தில் படும். நான்கு தடவை மடித்துக் காட்டினேன். பக்கத்தில் இருந்த இன்னொருவர் மூடியை விட்டுவிட்டுப் பெருவிரலை வைத்தார், குழுவில் வைத்துப் பழக்கம். அன்று மதியத்திலிருந்து இரண்டு நாள் இதைத்தான் செய்தேன், நான்கு வார்டு முடிந்தது, ஐந்து வார்டு பாக்கி.

ஜனவரி 2 எண்ணிக்கை. எங்கள் ஊராட்சி முறை வரும்போது இரவு மணி இரண்டு. ரோஸ் சீட்டில் 58 செல்லாது. அந்தச் சீட்டுக் கட்டை நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். இரண்டு இடத்தில் குத்தினது, ஒன்றும் குத்தாதது, பெருவிரல் ரேகை மட்டும் இருந்தது. ரேகை வைத்த சீட்டில் பூட்டு சாவி மேலேயே வைத்திருந்தது ஒன்பது, என் ஏஜெண்ட் எண்ணினார். 58-உம் எனக்கு விழ வேண்டியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் படிக்காத, வயதான பெண்கள்தான் எனக்கு அதிகம் போட்டார்கள்.

அதனால் உங்களுக்குச் சொல்வது, சின்னம் கையில் கிடைத்த அன்றே தாளும் ஸ்டாம்ப் பேடுமாகத் திண்ணைக்குப் போங்கள், ஆட்டோ, மைக் எல்லாம் மூன்று நாள் கழித்துப் போதும். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு தடவை போங்கள், இரண்டாவது தடவை அவர்களையே மடித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவு வந்து முப்பது நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்துவிடுங்கள், கொடுக்காவிட்டால் மூன்று வருஷம் நிற்க முடியாமல் செய்துவிடுவார்கள். நான் பத்தாவது நாளே கொடுத்துவிட்டேன், டீக்கடை ரசீது உட்பட.