நன்றாக வரைவேன், செருப்பு செய்யத் தெரியாது: காலணி வடிவமைப்பாளர் ஆகலாமா?

ஹீல்ஸ் படங்களாக வரைந்து குவித்திருக்கிறேன், ஒரு ஜோடிகூடச் செய்ததில்லை, இந்தத் துறை சரிப்படுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சரிப்படும். புகழ்பெற்ற காலணி வடிவமைப்பாளர் மனோலோ பிளானிக்கும் படங்களோடுதான் வந்தார். அவருடைய மேடை வடிவமைப்பு ஓவியங்களைப் பார்த்த 'வோக்' ஃபேஷன் இதழின் ஆசிரியர் டயானா வ்ரீலண்ட், காலணியில் கவனம் வைக்கச் சொன்னார். 1971-இல் ஆடை வடிவமைப்பாளர் ஆஸி கிளார்க்கின் ஃபேஷன் ஷோவுக்குச் செய்த ரப்பர் ஹீல்ஸுக்குள் எஃகு வைக்காமல் விட்டதால், மாடல்கள் நடக்கும்போதே அவை வளைந்தன. அப்புறம்தான் தொழிற்சாலைகளுக்குப் போய்த் தொழிலைக் கற்றார்.

நீங்கள் அதை முதலிலேயே கற்றுக்கொள்ளுங்கள். சென்னையில்தானே இருக்கிறீர்கள், கிண்டியில் உள்ள மத்திய காலணிப் பயிற்சி நிலையத்தில் விசாரியுங்கள். ஹீல் உயர உயர எடை முன்பாதத்துக்குப் போகும். அதைத் தாங்கும்படி அச்சும் (காலணியைச் செய்ய உதவும் பாத வடிவக் கட்டை) உள்தகடும் (அடிப்பகுதிக்குள் வைக்கும் உறுதியான தகடு) அமைவதைச் செய்து பார்த்தால்தான் புரியும். வேலை தேடும்போது, படங்களோடு நீங்களே செய்த ஒரு ஜோடியையும் கொண்டுபோங்கள்.