வாங்கமுன் கேளுங்கள்: ஆறா, எட்டா?

கேள்வி: ஐயா, கொழும்பில் இரண்டு கார் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் பி.எம்.டபிள்யூ, இரண்டும் ஏற்கனவே இங்கே பதிவானவை. ஒன்று 2009ஆம் ஆண்டு எம்3, எட்டு சிலிண்டர். மற்றது 2015 எம்4, ஆறு சிலிண்டர். காசில் பாதி லண்டனில் இருக்கிற அண்ணா தருகிறார். அவரோ, "எட்டை விட்டுவிட்டு ஆறை எடுத்தால் பிறகு இருந்து கவலைப்படுவாய்" என்கிறார். நான் இருப்பது யாழ்ப்பாணம் கொக்குவிலில். மாதம் ஒருமுறை கொழும்பு போய்வருவேன். எதை எடுக்கலாம்?

பதில்: தம்பி, ஆறை எடுங்கள். அண்ணா சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

எட்டு என்றால் பெரிது, பாரம். ஆறு என்றால் சின்னது, இலேசு என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். 2007இல் எம்3க்கு எட்டு சிலிண்டர் போட்டபோது அந்த எஞ்சினின் எடை 202 கிலோ. அதற்கு முந்திய எம்3இல் இருந்த ஆறு சிலிண்டரை விட 15 கிலோ குறைவு! பழையதன் புளொக், அதாவது எஞ்சினின் உடல், வார்ப்பிரும்பு, புதியது அலுமினியம். ஆகவே சிலிண்டரை எண்ணி எடையைக் கணிக்க முடியாது. வலுவையும் கணிக்க முடியாது. அதே கொம்பனி 2014இல் எட்டைக் கைவிட்டு, மூன்று லீற்றர் ஆறு சிலிண்டருக்கு காற்றை அழுத்தி ஊட்டுகிற ரர்போ இரண்டைப் பூட்டித் திரும்பி வந்தது. நீங்கள் பார்த்த எம்4இல் இருப்பது அதுதான்.

நான்கு லீற்றர் எட்டு சிலிண்டரின் வலு 420 குதிரை, ஆறினுடையது 431. இதில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த வலு எங்கே கிடைக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எட்டு தன் முழு வலுவையும் நிமிடத்துக்கு 8,300 சுற்றில்தான் கொடுக்கும். முறுக்குவிசை, அதாவது சுழற்றித் தள்ளுகிற பலம், 400 நியூட்டன் மீற்றர், அதுவும் 3,900 சுற்றில். ஆறோ 1,850 சுற்றிலேயே 550ஐத் தந்துவிடும். கிளிநொச்சி தாண்டி மாங்குளம் போகிற வழியில், முன்னால் மணல் லொறி, எதிரே தூரத்தில் ஒரு பஸ். ஆறில் காலை அமத்தினால் போதும், கியர் மாற்றாமலே தாண்டிவிடுவீர்கள். எட்டில் இரண்டு கியர் இறக்கி, எஞ்சினைக் கத்தவைக்க வேண்டும். எட்டு இரண்டாம் கியரில் 8,300ஐத் தொடும்போது வேகம் 100ஐத் தாண்டியிருக்கும். நமது வீதியில் ஊருக்கு வெளியே காருக்கு உள்ள எல்லை 70. நெடுஞ்சாலையும் வடக்குக்கு இன்னும் வந்து சேரவில்லை. எட்டின் நல்ல பாதியை எங்கே கொண்டுபோய் ஓட்டப் போகிறீர்கள்?

எட்டு என்றால் பஞ்சு மாதிரி ஓடும், ஆறு அதிரும் என்றும் ஒரு கதை இருக்கிறது. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு) இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் எல்லாச் சிலிண்டரும் ஒருமுறை வெடிக்க வேண்டும். எட்டில் 90 பாகைக்கு ஒரு வெடிப்பு, ஆறில் 120 பாகைக்கு ஒன்று. அந்தக் கணக்கில் எட்டுக்கு வெற்றிதான். ஆனால் ஆறும் ஒரே வரிசையில் நின்றால், ஒரு பிஸ்டன் தள்ளுவதை இன்னொன்று பிடித்துச் சமன்செய்துவிடும், அதிர்வை அடக்கத் தனியாகச் சமன் தண்டு எதுவும் வேண்டாம். எம்4இல் இருப்பது வரிசை ஆறு. இரண்டு வரிசையாகச் சாய்ந்து நிற்கிற வீ வடிவ ஆறுக்கு இந்த வரம் கிடையாது. நாளைக்கு வேறு கார் பார்க்கப் போனாலும் "ஆறா?" என்பதோடு நிற்காமல், "வரிசையா, வீயா?" என்றும் கேளுங்கள்.

இனி அண்ணாவின் நியாயம். அது சத்தம். அந்த எட்டு சிலிண்டர் மேல் சுற்றுக்கு ஏறும்போது வருகிற ஒலி ஆறில் வராது. போதாக்குறைக்கு, எம்4க்குள் இருந்து நீங்கள் கேட்பதில் ஒரு பகுதி ஸ்பீக்கரால் வருவது. இதை அறிந்தபோது எனக்கே கொஞ்சம் மனம் விட்டுப்போனது. சத்தத்துக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் ஒளிக்காமல் எட்டையே எடுங்கள். ஆறை எடுத்துவிட்டு சைலன்சரை வெட்டி ஊரை எழுப்புகிற வேலை வேண்டாம்.

ஆனால் எட்டை எடுத்தால் அது என்ன கேட்கும் என்று தெரிந்துகொண்டு எடுங்கள். ஒயில் 10டபிள்யூ-60 என்ற தடித்த ரகம், ஒருமுறை மாற்ற 8.8 லீற்றர். சுற்றுமானியில் மேலே மஞ்சள் விளக்குகள் வரிசையாக எரியும். ஒயில் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணையும். அவை அணையும்வரை உதைக்கக் கூடாது. கொக்குவிலில் இருந்து பக்கத்தில் உள்ள தட்டாதெருச் சந்திக்கு வருவதற்குள் எல்லாம் அணைந்துவிடாது. தினமும் ஓடுகிற ஓட்டம் இதுதான் என்றால் அந்த எஞ்சினுக்கு அது தண்டனை. இந்த எஞ்சினில் கொன்றொட் பெயாரிங் (பிஸ்டன் தண்டு கிராங்கைப் பிடிக்கிற இடத்துத் தாங்கி) வெகு சீக்கிரம் தேய்வது உலகம் அறிந்த குறை. மாற்றியாயிற்றா, பற்றுச்சீட்டு எங்கே என்று கேளுங்கள். "அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்று வாயால் மட்டும் பதில் வந்தால், ஒயிலை இறக்கிச் செம்புத் தூள் இருக்கிறதா என்று பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

ஆறும் குறை இல்லாத சாமி இல்லை. அதில் கிராங்க் ஹப் (கிராங்கின் முனையில் பூட்டிய குடம்) நழுவுகிற பயம் உண்டு, முக்கியமாக மென்பொருளை மாற்றி ரியூன் பண்ணி வலுவைக் கூட்டிய கார்களில். ஆகவே மென்பொருள் மாற்றிய எம்4 என்றால் விலை எவ்வளவு இறங்கினாலும் தொடாதீர்கள். எதைப் பார்க்கப் போனாலும் காலையில் போய் முதலில் போனெற்றில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன்னரே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் சொல்வதைச் சூடான எஞ்சின் சொல்லாது.

பெற்றோல் கணக்கு: கொம்பனி சொல்கிறபடி 100 கிலோமீற்றருக்கு எட்டு 12.4 லீற்றர் குடிக்கும், ஆறு 8.8. கொழும்புக்குப் போக எட்டுக்கு 50 லீற்றர் அளவில், ஆறுக்கு 35. இரண்டுக்கும் ஒக்ரேன் 95 பெற்றோல்தான், 92 வேண்டாம். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வாரம் 20 லீற்றர் வாங்கிய நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த 20ஐ வைத்து எட்டில் வவுனியாவுக்குப் போயிருக்கலாம், திரும்பி வந்திருக்க முடியாது. ஆறிலும் வீடு வந்து சேரமாட்டீர்கள், ஆனால் கிளிநொச்சிவரை வந்திருப்பீர்கள். போர்க்காலத்தில் ஒஸ்ரின் ஏ40 என்ற பழைய காரை இரண்டு சொட்டுப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் நம்முடையது. இந்தக் கணக்கு நமக்குச் சும்மா கணக்கு இல்லை.

அப்புறம், கொழும்பு போகும் வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் எல்லாரும் நிற்கிற மாதிரி நீங்களும் நிற்பீர்கள். எம்4ஐ அணைத்த பிறகும் போனெற்றுக்குள் ஏதோ ஓடுகிற சத்தம் கேட்கும். பயப்படாதீர்கள், ரர்போவைக் குளிரவைக்கிற பம்பும் விசிறியும்தான். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி வர நின்றுவிடும்.

கேள்வி: பழையது வேண்டாம், யப்பானில் இருந்து எட்டு சிலிண்டர் ஒன்றை நேரே இறக்கலாமா? (சாவகச்சேரி வாசகர்)

பதில்: 2020 மார்ச்சில் நிறுத்திய இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்தது உண்மைதான். ஆனால் பழைய கார் என்றால் உற்பத்தியாகி மூன்று வருடத்துக்கு மேற்படாததாக இருக்க வேண்டும். உற்பத்தி வரியோ எஞ்சினின் கொள்ளளவு, அதாவது சீ.சீ. கணக்கில் ஏறும். எட்டு சிலிண்டர் என்றாலே நான்கு, ஐந்து லீற்றர். அதற்கு மேல் ஆடம்பர வரி, அதற்கும் மேல் 18 வீத வற் வரி. காரின் விலையை யப்பானில் கேட்காதீர்கள், சுங்கத்தில் கேளுங்கள்.

கேள்வி: மகன் ஆறு சிலிண்டர் வேண்டும் என்று நிற்கிறான். லைசன்ஸ் எடுத்து எட்டு மாதம். நாலு சிலிண்டர் போதாதா? (நல்லூர் வாசகி)

பதில்: தாராளமாகப் போதும் அக்கா. ரொயோட்டா ஜீஆர்86 நாலு சிலிண்டர்தான், 2.4 லீற்றர், 235 குதிரை. மகனுக்கு இப்போது அதுவே கூடுதல். ஒரு வருடம் வீட்டுக் காரை ஓட்டட்டும், பிறகு கதைப்போம்.