வீட்டுக்கு வரும் பராமரிப்பாளரின் வருகையை இன்சூரன்ஸ் கிளெய்முக்கு எப்படிக் குறித்து வைப்பது?

அமெரிக்காவில் லாங் டேர்ம் கேர் பாலிசி (நீண்டகாலப் பராமரிப்புச் செலவுக்கான இன்சூரன்ஸ்) உள்ள மாமியாருக்காகக் கேட்டிருக்கிறீர்கள். வந்த நேரம், போன நேரம் மட்டும் போதாது. என்ன உதவி என்பதுதான் முக்கியம். குளியல், உடை, சாப்பாடு, கழிப்பறை, எழுந்து இடம் மாறுவது, சிறுநீர்-மலக் கட்டுப்பாடு ஆகிய 6-இல் 2-க்காவது உதவி தேவை என்பதே பெரும்பாலான பாலிசிகளின் கணக்கு. "நன்றாக இருந்தார், டிவி பார்த்தார்" என்று எழுதினால் கிளெய்ம் தேறாது. "காலை 8:10, கைத்தாங்கலாக ஷவர் நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டினேன்" என்று எழுதச் சொல்லுங்கள். அன்றன்றே கையெழுத்து வேண்டும். வாரக் கடைசியில் மொத்தமாக நிரப்பிய தாள் பார்த்தாலே காட்டிக்கொடுத்துவிடும். தாளில் உள்ள மணிக்கணக்கு, பில், செக் மூன்றும் ஒத்துப்போகணும்.

இன்னொன்று, காத்திருப்புக் காலம், அதாவது இன்சூரன்ஸ் பணம் தர ஆரம்பிக்கும்முன் கடக்க வேண்டிய நாட்கள். 90 நாள் என்றிருந்தால், சில பாலிசிகளில் ஆள் வந்த நாள் மட்டுமே சேரும். வாரம் 3 நாள் வந்தால் 30 வாரம் இழுக்கும்! முதல் நாளே எழுத ஆரம்பித்துவிடுங்கள்.