சாதிப் பாகுபாட்டை ஆய்வு செய்யும் வேலையை நம்பித் தொண்டு நிறுவனத்தில் காலம் தள்ள முடியுமா?

சமூகவியல் எம்.ஏ. முடிக்கப்போகிறேன், அரசு அமைப்புகளில் நடக்கும் சாதிப் பாகுபாட்டை ஆராயும் வேலைக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரைப் பக்கம் இதே வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: போகலாம். கள ஆய்வு, நேர்காணல், உண்மை அறியும் குழு எல்லாம் உண்டு. ஆனால் பாதிக்கு மேல் நேரம் போவது அரசாங்கக் காகிதத்தில்தான்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்க வந்த 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பலரும் புரட்டியிருப்பார்கள். 1995-ல் வந்த அதன் விதிகளைப் படித்தவர்கள் குறைவு. நமக்கு வேலை இருப்பது அங்கேதான். டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் புலன்விசாரணை செய்ய வேண்டும் என்கிறது 7-ஆம் விதி. இந்தச் சட்டம் மாவட்டத்தில் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும், ஆட்சியர் தலைமையிலான விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்கிறது 17-ஆம் விதி. சரி, கூடுகிறதா?

பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். “ஏன் கூட்டவில்லை?” என்று கேட்காதீர்கள், விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை நடந்த கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு, வருகைப் பதிவேடு, இரண்டின் நகலும் வேண்டும் என்று கேளுங்கள். பிரிவு 6(3)-ன் கீழ் வேறு அலுவலகத்துக்கு மாற்றிவிட்டோம் என்று ஒரு கடிதம் வரலாம். 30 நாளில் பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு. அப்புறம் நகல் கைக்கு வந்ததும் நிதானமாகப் படியுங்கள். காலாண்டுக்குக் காலாண்டு தேதி மட்டும் மாறி, வாசகம் அப்படியே இருக்கும். பாதிக்கப்பட்டவர்களுக்குத் தீருதவி, அதாவது நிவாரணத் தொகை, கொடுத்த பட்டியல் இருக்கும். குற்றப்பத்திரிகை தாக்கலாகாத வழக்குகளைப் பற்றி ஒரு வரி இருக்காது. அங்கே யாரும் யாரையும் சாதிப் பெயர் சொல்லித் திட்டவில்லை. பேச வேண்டியதைப் பேசவில்லை, அவ்வளவுதான். அமைப்பு செய்யும் பாகுபாடு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

சில சமயம் அது ஒளிவுமறைவே இல்லாமல் அச்சிலேயே இருக்கும். சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதைப் பற்றிப் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா 2020-ல் எழுதினார். பிறகு அவரே உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். 2024 அக்டோபர் 3-ல், அப்படி வேலை பிரிக்கும் சிறை விதிகள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அந்த வழக்கில் பெரிய ஆதாரமே மாநிலங்களின் சிறைக் கையேடுகள்தான். எத்தனையோ பேர் கையில் புரண்ட புத்தகங்கள்!

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சம்பளம் திட்ட நிதியை ஒட்டியே வரும்; திட்டம் முடிந்தால் வேலையும் முடியலாம். 2020-ல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தியபோது, ஓர் அமைப்பு வாங்கிய நிதியை இன்னோர் அமைப்புக்குக் கொடுக்கத் தடை வந்தது. பெரிய நிறுவனங்கள் வழியாக வந்த பணத்தில் ஓடிக்கொண்டிருந்த சிறிய அமைப்புகள் அதில் நொடித்துப்போயின. ஆகவே சேரும் முன் நிதி எங்கிருந்து வருகிறது, எத்தனை வருடத்துக்கு என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். முடிந்தால் மூன்றாண்டுச் சட்டப் படிப்பையும் முடித்து வையுங்கள். நிதி நின்றுபோனாலும் கோர்ட்டில் நிற்கலாம். வீட்டிலும் “என்.ஜி.ஓ.வா...” என்று இழுப்பது கொஞ்சம் குறையும்.

மக்கள் கண்காணிப்பகம், எவிடென்ஸ் என்ற மனித உரிமை அமைப்புகள் இரண்டும் மதுரையில்தான் இருக்கின்றன. அவர்களுடைய உண்மை அறியும் அறிக்கைகளைத் தேடிப் படியுங்கள். பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம், முதல் தகவல் அறிக்கை, மருத்துவச் சான்று மூன்றும் எங்கே முரண்படுகின்றன என்று பார்க்கப் பழகிவிட்டால், பல்கலைக்கழகத்தில் படித்த கோட்பாடெல்லாம் அப்புறம் தானாக உதவிக்கு வரும். விண்ணப்பிக்கும்போது வெறும் பயோடேட்டா அனுப்ப வேண்டாம். உங்கள் மாவட்டக் கண்காணிப்புக் குழுவைப் பற்றி மனுப் போட்டு வாங்கிய பதிலையும், அதை வைத்து எழுதிய இரண்டு பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஆள் எடுக்கும்போது நான் முதலில் படிப்பது அதைத்தான்.