மசில் கார்களில் ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்றால் என்ன?

மசில் கார்கள், அதாவது செவ்ரோலெட் நிறுவனத்தின் 1969 கமாரோ போன்ற, சக்திவாய்ந்த இன்ஜின் கொண்ட பழைய அமெரிக்கக் கார்களைப் புதுப்பிப்பவர்கள் அடிக்கடி சொல்லும் சொல் இது. தொழிற்சாலையில் பொருத்திய அதே இன்ஜின் இன்றும் காரில் இருக்கிறது என்று பொருள்.

சரி, அதை எப்படித் தெரிந்துகொள்வது? செவ்ரோலெட்டின் பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின்கள் நியூயார்க் மாநிலத்தின் டோனவாண்டாவில் தயாராகி, ஒஹாயோவின் நார்வுட் போன்ற அசெம்பிளி ஆலைகளுக்குப் போயின. அங்கே காரின் அடையாள எண்ணில் ஒரு பகுதியை இன்ஜினின் முக்கிய உலோக உடலான இன்ஜின் பிளாக்கிலும் பொறித்தார்கள். இரண்டும் ஒத்துப்போனால் அதே ஜோடி. பந்தயத்தில் ஓட்டி இன்ஜினை உடைத்து, வேறொன்றை மாட்டிய கார்கள் ஏராளம். அதனால்தான் பிரியாத ஜோடிக்கு இவ்வளவு விலை. எனக்கும் அந்தச் சிறிய முத்திரையைப் பார்த்தால் சிலிர்க்கும்.

பாட்டியின் எவர்சில்வர் சம்படத்திலும் மூடியிலும் ஒரே பெயர் வெட்டியிருக்குமே, அதுபோல. வேறு மூடியும் பொருந்தும். ஆனால் அது பாட்டியுடையது இல்லை.

பலர் நினைப்பதற்கு மாறாக, எண்கள் பொருந்தினால் காரின் எல்லாப் பாகமும் அசல் என்று அர்த்தமில்லை. பெயின்ட், சீட், பம்பர் எல்லாம் புதிதாகவே இருக்கலாம்.