சமூகப் பணிக்கு நான்கு ஆண்டுப் பட்டம் உண்மையிலேயே தேவையா? நல்ல மனமும் அனுபவமும் போதாதா?

கேள்வி கேட்டவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கோவிலின் வழியாகப் பல குடும்பங்களுக்கு உதவி வருவதாகவும், "படிக்காதவர்கள் குடும்ப விவகாரத்தில் தலையிட்டால் வம்புதான்" என்று ஒரு சமூகப் பணியாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். அப்படிச் சொன்னது நாகரிகமில்லை. ஆனாலும் அவர் சொல்ல வந்ததில் பாதிக்கு மேல் உண்மை இருப்பதால்தான், இங்கே பெரும்பாலும் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளும் நான் பதில் எழுத உட்கார்ந்தேன். டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில், அது 2004இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆவதற்கு வெகுகாலம் முன்பு, சமூகப் பணி படித்தவள் நான். தமிழையும் அங்கேதான் பாடமாக எடுத்தேன். டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் வேலை பார்த்துவிட்டு, இப்போது களப்பணிக்கு வரும் மாணவர்களை மேற்பார்வை செய்கிறேன். பட்டத்தின் பெருமை பேச வந்துவிட்டாள் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டுத் திட்டவும்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1978ஆம் ஆண்டின் 110ஆம் எண் சட்டப்படி, தென்னாப்பிரிக்காவில் சமூகப் பணியாளராகத் தொழில் செய்பவர் சமூக சேவைத் தொழில்களுக்கான பேரவையில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவுக்கு இப்போது நான்கு ஆண்டுப் பட்டம் வேண்டும். மாணவர்கள்கூட மாணவர் என்ற வகையில் அங்கே பதிவு செய்துகொள்கிறார்கள். மளிகைப் பொட்டலம் கொடுப்பதற்கும், தனியாக இருக்கும் முதியவரை ஆர்.கே. கான் மருத்துவமனைக்கு அழைத்துப் போவதற்கும் யாரும் உங்களிடம் பட்டம் கேட்கப் போவதில்லை. ஒரு குழந்தை யார் வீட்டில் வளர வேண்டும் என்று சிறுவர் நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதும் இடத்தில்தான் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

உளவியல், சமூகவியல், சமூகநலக் கொள்கை ஆகியவற்றை ஓரளவு நீங்களே படித்துக்கொள்ளலாம். தானாகப் படித்துப் பெற முடியாதது மேற்பார்வையோடு கூடிய களப்பணி. மாணவர் ஒரு வீட்டுக்குப் போய் வந்ததும், தான் கேட்டது என்ன, அவர்கள் சொன்னது என்ன, அப்போது தன் மனத்தில் ஓடியது என்ன என்று நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதித் தர வேண்டும். மேற்பார்வையாளர் அதை வரி வரியாகப் படித்து, எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். பல மாணவர்கள் இதைத் தண்டனை என்றே நினைக்கிறார்கள்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். சாட்ஸ்வொர்த்தில் ஒரு ஆயா தன் மகள் வயிற்றுப் பேரனையும் பேத்தியையும் வளர்த்து வந்தார். மகள் 'சுகர்ஸ்' பழக்கத்தில் விழுந்தவள். எங்கள் பகுதியில் எத்தனையோ வீடுகளைக் காலி செய்த மலிவான ஹெராயின் கலவை அது. என் மாணவி ஒருத்தி முதல்முறை போய்விட்டு வந்து, "பாட்டி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதியிருந்தாள். அதைப் பென்சிலால் அடிக்கோடிட்டு, "ஒத்துழைக்கவில்லை என்றால், அவர் என்ன செய்தார்?" என்று கேட்டேன். மகள் கடைசியாக எப்போது வந்தாள் என்று கேட்டதும் ஆயா எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, பேரனின் பள்ளிக்கூடச் சப்பாத்து சிறிதாகிவிட்டதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாராம். பேரன் எங்கே இருந்தான் என்று கேட்டேன். அதே மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தானாம்.

அதையே எழுதச் சொன்னேன். "பேரனின் முன்னிலையில் அவனுடைய தாயைப் பற்றிக் கேட்டபோது பாட்டி பேச்சை மாற்றினார்" என்று வரி மாறியது. முதல் வரியைப் படிக்கும் மாஜிஸ்திரேட், எதையோ மறைக்கும் கிழவி என்று நினைத்திருப்பார். மாற்றி எழுதியதைப் படித்தால், பையன் காதில் எது விழலாம், எது விழக்கூடாது என்று தெரிந்த பெண் கண்ணுக்குத் தெரிவார். அடுத்த முறை பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரமாகப் பார்த்து நானும் கூடப் போனேன். ஆயா எல்லாவற்றையும் சொன்னார்; ஆங்கிலத்தில் தொடங்கி, மகள் இரவில் வந்து எதை எதை எடுத்துப் போனாள் என்ற இடம் வந்ததும் தமிழுக்கு மாறிவிட்டார். அடையாளப் புத்தகத்தையும் வங்கி அட்டையையும் ஒரு துணிப்பையில் போட்டு, தூங்கும்போதும் இடுப்பில் கட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லி எடுத்துக் காட்டினார். பிள்ளைகள் அவரிடமே இருந்தார்கள்.

இனி என் மனக்குறை. பல ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு குடும்பத்தில், ஊர்ப் பெரியவர்கள் சிலர் மிகுந்த நல்லெண்ணத்தோடு ஒரு சிறுமியைக் கோவில் மண்டபத்துக்கு அழைத்து, மாமா உறவுள்ள ஒருவர் என்ன செய்தார் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். விஷயம் எங்களிடம் வந்து சேர்ந்தபோது அந்தப் பெண் யாரிடமும் ஒரு வார்த்தையும் பேசத் தயாராக இல்லை. அந்த உறவினர் தப்பித்துக்கொண்டார். கோவில்களைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆடி மாதக் கூழுக்கு நானும் வரிசையில் நிற்பவள்தான். ஆனால் 2005ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், 110ஆம் பிரிவில், ஆசிரியர், செவிலியர் ஆகியோரோடு சமயத் தலைவர்களையும் சேர்த்தே சொல்கிறது: குழந்தை துன்புறுத்தப்பட்டதாக நம்ப நியாயமான காரணம் இருந்தால் தெரிவித்தே ஆக வேண்டும். விசாரிக்கச் சொல்லவில்லை. விசாரித்து, 90 நாட்களுக்குள் அறிக்கை தயாரிப்பது அதற்கென அமர்த்தப்பட்ட சமூகப் பணியாளரின் கடமை.

நான்கு ஆண்டுப் படிப்பு குறையில்லாதது என்றும் சொல்ல மாட்டேன். நாங்கள் படித்த நிறவெறி ஆட்சிக் காலத்தில் சமூகநலத் துறையே இனவாரியாகப் பிரிந்து கிடந்தது. 'இந்தியக் குடும்பம்' என்றால் இப்படித்தான் என்று ஒரு வார்ப்பை எங்களிடம் கொடுத்தார்கள். அரசின் சமூகநலக் கொள்கையைச் சொல்லும் 1997இன் வெள்ளை அறிக்கை வந்த பிறகுதான் பாடத்திட்டம் சமூக மேம்பாட்டின் பக்கம் திரும்பியது. இன்று சாட்ஸ்வொர்த் பக்கம் சூலு மக்கள் அதிகம் வாழும் வெல்பெடாக்டிலும் பாட்டில்பிரஷ்ஷிலும் வேலை செய்பவருக்கு சூலு மொழி இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம் 2014 முதல் அதைக் கட்டாயமாக்கியது நல்ல காரியம்.

இன்னொரு குறை எல்லோரும் அறிந்தது. பெற்றோரை இழந்த பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிகள், அரசு மாதாமாதம் தரும் சாதாரணக் குழந்தை கிராண்டைவிட, நீதிமன்ற ஆணையின்படி வளர்ப்பவருக்குத் தரும் ஃபாஸ்டர் கிராண்ட் அதிகம் என்பதால் அதற்கு விண்ணப்பித்தார்கள். அந்த ஆணையை வழக்கமாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்ததால் பணியாளர்களின் நாட்கள் முழுக்கப் புதுப்பிப்பு அறிக்கைகளிலேயே கரைந்தன. ஆணைகள் காலாவதியாகிப் பணம் நின்றுபோகாமல் காக்க 2011இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. 2022 முதல், அப்படி வளர்க்கும் உறவினருக்குக் குழந்தை கிராண்டோடு கூடுதல் தொகை கிடைப்பதால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. ஆனால் அந்த ஆண்டுகளில் களப்பணிக்கு வந்த மாணவர்கள், படிவம் நிரப்புவதே சமூகப் பணி என்று கற்றுக்கொண்டு போனார்கள். இன்னொரு பக்கம், அரசு 2007இல் தொடங்கிய உதவித்தொகையில் படித்து முடித்தவர்கள் ஆயிரக்கணக்கில் வேலையில்லாமல் இருக்கிறார்கள். ஆளும் இருக்கிறது, தேவையும் இருக்கிறது, சம்பளம் கொடுக்க மட்டும் பணம் இல்லையாம்.

உங்களுக்கு நான்கு ஆண்டு ஒதுக்க வழியில்லையென்றால், துணைச் சமூகப் பணியாளர் பயிற்சி உண்டு. அது குறுகியது, அவர்களுக்கும் பேரவையில் பதிவு உண்டு, சமூகப் பணியாளரின் மேற்பார்வையில் வேலை செய்யலாம். எங்கே சேர்ந்தாலும், களப்பணியில் உங்களை மேற்பார்வை செய்யப் போவது யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை உங்களோடு உட்காருவார், நீங்கள் எழுதியதைப் படிப்பாரா என்று கேட்டுவிட்டுக் கட்டணம் கட்டுங்கள். அதுவரை, ஏதாவது ஒரு குழந்தை உங்களிடம் எதையாவது சொன்னால், மேலும் துருவாமல், அது சொன்னதை அதன் சொற்களிலேயே தேதியோடு குறித்து, குழந்தை துன்புறுத்தலைத் தெரிவிப்பதற்கான 22ஆம் எண் படிவத்தை நிரப்பி, சமூக மேம்பாட்டுத் துறையிலோ அதற்கென நியமிக்கப்பட்ட குழந்தைப் பாதுகாப்பு அமைப்பிலோ கொடுத்துவிடுங்கள்.