டோஸ்ட் மேல் ஊற்றும் வெள்ளை சாஸ் (வெண்ணெய், மைதா, பால் சேர்த்தது), டின் டூனா மீன் போட்டதும் நீர்த்துப் போகிறதா?
டின் மீனில் உள்ள தண்ணீரை ஒட்டப் பிழியுங்கள். சாஸ் முதலில் கெட்டியாக இருந்து, டூனா சேர்த்ததும் நீர்த்து டோஸ்ட் ஊறிப்போகிறது என்கிறீர்கள். அப்படியானால் மீனில் தங்கிய நீர்தான் காரணமாக இருக்கும். வடித்தால் மட்டும் போதாது. வடிகட்டியில் போட்டு கரண்டியால் அழுத்திப் பாருங்கள், இன்னும் இரண்டு ஸ்பூன் இறங்கும்.

அளவையும் பாருங்கள். 1 கப் (240 மி.லி.) பாலுக்கு வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, மைதா 2 மேசைக்கரண்டி. மைதாவை வெண்ணெயில் நிறம் மாறாமல் ஒரு நிமிடம் வதக்கி, பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். கொதி வந்தால்தான் மாவு முழுதாக இறுகும். ஆவி பறந்ததுமே அடுப்பை அணைத்துவிடாதீர்கள்.

பதம் பார்க்க, சாஸ் படிந்த கரண்டியின் பின்பக்கத்தில் விரலால் கோடு இழுங்கள். கோடு மூடாமல் நிற்க வேண்டும். அதன் பிறகுதான் மீன். ஃப்ரோசன் பட்டாணி போடுவதானால் தனியாக வேகவைத்து, வடித்துச் சேருங்கள். அதுவும் தண்ணீர் விடும்.

டின் மீனிலேயே உப்பு இருக்கும், அதனால் உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். மீன் போட்டபின் ரொம்பக் கிளறினால் தூளாகிவிடும், சூடேறினால் போதும். ரொட்டியை மொறுமொறுப்பாகச் சுட்டு, தட்டு கைக்கு வரும்போது மட்டும் மேலே ஊற்றுங்கள்.